மைனஸ் 20 டிகிரியில் ஒரு பழைய மேஸியின் ஒழுகல்கள்

ஜனவரி மாத ஒன்டாரியோவில் பழைய டிராக்டரின் ஒழுகலைத் தேடுபவருக்குப் பனித்தரை ஒருவகையில் துணையாகவும் இன்னொரு வகையில் இடைஞ்சலாகவும் இருக்கிறது. கோடையில் மண் குடித்துவிடுகிற ஒவ்வொரு சொட்டையும் பனி அப்படியே நிறத்தோடு பிடித்து வைத்திருக்கும். கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில், தேன் நிறம் என்றால் கியர் பெட்டியின் ஆயில், பச்சை என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். இங்கே வரிவிலக்கு பெற்ற விவசாய டீசலுக்குச் சிவப்புச் சாயம் கலந்திருப்பதால், டீசல் சொட்டிய இடமும் வெளிர்சிவப்பாகத் தெரிந்துவிடும். ஆனால் எது சொட்டுகிறது என்பதைச் சொல்லும் பனி, எங்கிருந்து சொட்டுகிறது என்பதில் பெரும்பாலும் தவறான இடத்தையே காட்டுகிறது. ரேடியேட்டர் விசிறி கசிவைப் பின்னோக்கி ஊதித் தள்ளுகிறது. கசிந்தது வார்ப்பிரும்பின் விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, மிகத் தாழ்வான ஏதாவதொரு போல்ட் தலையில் வந்து சேர்ந்து அங்கிருந்து விழுகிறது. குளிர்காலத்தில் ஒழுகலைக் கண்டுபிடிக்க, சொட்டு விழும் இடத்தைவிட அது விழும் நேரத்தைக் கவனிப்பதே அதிகம் உதவுகிறது என்பது என் அனுபவம். இரவு முழுவதும் நின்றபோது விழுந்ததா, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில் விழுந்ததா, நன்றாகச் சூடேறிய பிறகு விழுந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

எங்கள் கொட்டகையில் இருப்பது மேஸி ஃபெர்குசன் 135. 1964ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகி 1970களிலும் தயாரான இந்த மாடலின் டீசல் வண்டிகளில், பெர்க்கின்ஸ் நிறுவனத்தின் ஏ.டி.3.152 என்ற மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் இருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இது அந்நியமான எஞ்சின் அல்ல. சென்னை சிம்ப்சன் ஆலை பெர்க்கின்ஸ் எஞ்சின்களைத் தயாரித்த ஆலைதான். டஃபே நிறுவனத்தின் மேஸி 1035 ஓட்டிப் பழகியவர் 135இன் பானெட்டைத் திறந்தால், எது எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கத் தேவையிருக்காது. முன்அச்சு, எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பெட்டி, பின்அச்சு என்று எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைக்கப்பட்டு, அவையே வண்டியின் முதுகெலும்பாக நிற்பதால், இந்த டிராக்டருக்கென்று தனியாகச் சட்டகம் கிடையாது. எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்கூட வண்டியின் பாரத்தைத் தாங்கும் கனமான வார்ப்பு. ஆகவே நடுப்பகுதியில் இருக்கும் ஓர் ஆயில் சீலை, அதாவது சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் வெளியேறாமல் அடைக்கும் வளையத்தை, மாற்ற வேண்டுமென்றால் டிராக்டரை இடுப்போடு இரண்டாகப் பிரிக்க வேண்டும். மே மாதத்தில் அது உழைப்பு மட்டுமே; ஜனவரியில், சூடேற்றும் வசதியில்லாத கொட்டகையில், அதைச் செய்யாமல் தப்பிக்க வழியிருக்கிறதா என்று எவரும் யோசிப்பார்கள். சரியான காரணத்தைக் கண்டறிவதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

குளிர் நான்கு காரியங்களைச் செய்கிறது. ஆயிலைக் கெட்டியாக்குகிறது, ரப்பரை விறைக்க வைக்கிறது, உலோகத்தையும் ஹோஸ் பைப்பையும் வெவ்வேறு அளவில் சுருங்க வைக்கிறது, எங்கெல்லாம் ஈரம் இருக்கிறதோ அதையெல்லாம் உறைய வைக்கிறது. இவற்றில் முதலாவது ஒழுகலை மறைக்கிறது. மைனஸ் 20இல் கெட்டியான ஆயில் சிறிய இடுக்கு வழியே வெளியேறுவதில்லை. அதனால் காலையில் தரை சுத்தமாக இருப்பதைப் பார்த்து, ஒழுகல் தானாகவே நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வது எளிது. அதே வேளையில், எஞ்சினைக் கிளப்பியவுடன் அந்தக் கெட்டி ஆயிலைத் தள்ளுவதற்கு ஆயில் பம்ப் படும் பாட்டில் அழுத்தம் வழக்கத்தைவிட மிக உயரும். ஃபில்டரின் வாஷரும் ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாயின் இணைப்பும் அந்தச் சில நிமிடங்களில்தான் கசியும். விறைத்துப்போன சீலின் உதடு, சுழலும் தண்டோடு ஒட்டி அசைய முடியாமல் கொஞ்ச நேரம் கசிந்து, பிறகு சூடேறியதும் இளகி அடைத்துக்கொள்ளும். சூடேறியும் நிற்காத கசிவு வேறு வகையைச் சேர்ந்தது. அதில் சீலோ தண்டோ உண்மையிலேயே தேய்ந்திருக்கிறது.

பார்ப்பதற்கு முன் துடைக்க வேண்டும். பல வருடத்து அழுக்கின் மேல் ஒழுகும் ஆயிலை எந்தத் துப்பறிவாளராலும் பின்தொடர முடியாது. ஆனால் இந்தக் குளிரில் பிரஷர் வாஷரைக் கையிலெடுப்பது கூடாது. தண்ணீர் கிளட்ச் ஹவுசிங்குக்குள்ளும், பிரேக் டிரம்முக்குள்ளும், கியர் லிவரின் ரப்பர் உறைக்குக் கீழேயும் புகுந்து, அன்றிரவே உறைந்து, இல்லாத சிக்கலை உண்டாக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ், ஒரு சுரண்டி, நிறையப் பழைய துணி, கடைசியாகக் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, இவ்வளவு போதும். காய்ந்த பரப்பின் மேல் முகப் பவுடரை லேசாகத் தூவிவிட்டால், கசிவு புறப்படும் இடத்திலிருந்து ஈரக்கோடு ஒன்று தெளிவாகத் தெரியும். வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரம், சம்ப், கிளட்ச் ஹவுசிங், பின்அச்சு ஆகியவை எங்கே வருகின்றன என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்வதும், ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு அட்டை வைப்பதும் என் வழக்கம். எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும்போது கொட்டகையின் பெரிய கதவு திறந்தே இருக்க வேண்டும். குளிர் உள்ளே வருகிறதே என்று மூடிக்கொண்டவர்களின் உயிரைப் புகை குடித்த செய்திகள் இங்கே குளிர்காலந்தோறும் வருகின்றன.

இப்போது மிகவும் குழப்பம் தரும் இடத்துக்கு வருகிறேன். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் ஒரு ஸ்பிளிட் பின் தளர்வாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டியின் அதிர்வில் அந்தப் பின் ஆடி ஆடித் துளையை அழுக்கு அடைக்காமல் காப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். உலர்ந்த கிளட்ச்சுக்குள் ஆயில் புகுந்தால் அது தேங்காமல் வெளியேறவும், புகுந்துவிட்டது என்று ஓட்டுபவருக்குத் தெரியவும் அதுவே வழி. அந்தப் பின்னின் நுனியில் சொட்டு நின்றால் மெக்கானிக்குகள் உடனே சொல்வது, கிராங்கின் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) பின்பக்க சீல் போய்விட்டது, டிராக்டரைப் பிரிக்க வேண்டும் என்பதுதான். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரே துளைக்கு மூன்று வழிகளில் ஆயில் வந்துசேர முடியும். முன்பக்கத்திலிருந்து கிராங்கின் பின் சீல் வழியாக எஞ்சின் ஆயில்; பின்பக்கத்திலிருந்து கியர் பெட்டியின் முன் தண்டு சீல் வழியாகக் கியர் ஆயில்; மூன்றாவதாக, எஞ்சினின் உச்சியை மூடும் டேப்பட் கவரின் கார்க் பேக்கிங்கில் கசிந்து, எஞ்சினின் முதுகு வழியாக வழிந்து, ஹவுசிங்கின் வெளிப்புறத்தைச் சுற்றிக்கொண்டு அதே பின்னில் வந்து தொங்கும் ஆயில். மூன்றாவதற்குத் தேவை ஒரு பேக்கிங்கும் அரைமணி நேரமும் மட்டுமே. அதனால் கீழே படுத்துப் பார்ப்பதற்கு முன்பு மேலே டார்ச் அடித்துப் பார்ப்பதும், நனைந்த இடங்களிலேயே மிக உயரமானதையும் மிக முன்னால் இருப்பதையும் தேடுவதும் நல்லது.

மேலே காய்ந்திருந்தால் மீதி இரண்டையும் பிரித்தறிய வேண்டும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டை ஏந்தினால் எஞ்சின் ஆயில் கறுப்பாகவும் கியர் ஆயில் தேன் நிறத்திலும் தெரியும் என்பது பொதுவிதி. ஆனால் கிளட்ச் தட்டின் தூசியோடு கலந்து வரும் கியர் ஆயிலும் கறுப்பாகவே வருவதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. நான் நம்புவது அளவை. எஞ்சினில் ஏறக்குறைய 7 லிட்டர் ஆயில்தான் இருக்கிறது. கியர் பெட்டியும் ஹைட்ராலிக்கும் பின்அச்சும் பகிர்ந்துகொள்ளும் ஆயில் ஏறக்குறைய 30 லிட்டர். ஒரே சமதளத்தில், ஒரே வெப்பநிலையில், வண்டி கிளம்பாத காலை நேரத்தில் ஆயில் மட்டம் காட்டும் இரண்டு டிப்ஸ்டிக்குகளையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தால் எது குறைகிறது என்பது தெரிந்துவிடும். 7 லிட்டரில் கால் லிட்டர் குறைந்தால் டிப்ஸ்டிக் காட்டிவிடும். 30 லிட்டரில் அதே கால் லிட்டர் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. இன்னும் ஐயம் இருந்தால் கியர் பெட்டியில் மட்டும் புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தைக் கலந்துவிட்டு, இருட்டிய பின் அதற்குரிய விளக்கை அடித்துப் பார்க்கலாம். ஜனவரியில் மாலை 5 மணியளவிலேயே இருட்டிவிடுவதால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் இந்தப் பருவம் மிகவும் வசதியானது.

நேரமும் இங்கே பேசும். எஞ்சின் நிற்கும்போது சம்ப்பில் உள்ள ஆயில் கிராங்குக்கு வெகு கீழே இருப்பதால், பின்பக்க சீல் ஓடும்போது மட்டுமே கசியும். நிறுத்திய சிறிது நேரத்தில், ஹவுசிங்குக்குள் ஒட்டியிருந்தது வடிந்ததும், சொட்டு நின்றுவிடும். கியர் பெட்டியில் ஆயிலின் மட்டம் உயரமானது. முன்பக்கம் சரிந்த நிலத்தில் நிறுத்தினாலோ, அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ, வண்டி அசையாமல் நிற்கும்போதும் அது கசியக்கூடும்.

எங்கள் வண்டியில் அந்தப் பின்னிலிருந்து விழுந்தது ஓடும்போது மட்டுமே விழுந்தது. அதுவும் கிளப்பிச் சிறிது நேரம் கழித்து, திடீரென்று, சொட்டாகத் தொடங்கி ஒழுக்காகவே மாறியது. டிப்ஸ்டிக்கின் வாய்ப்பக்கமும் புதிதாக நனைந்திருந்தது. சீல் தேய்ந்துபோனால் கசிவு மெதுவாக, மாதக்கணக்கில் கூடும். அக்டோபரில் காய்ந்திருந்த ஸ்பிளிட் பின் ஜனவரியின் ஒரு குளிர் அலையில் இப்படி ஒழுகுவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் உள்ளிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வரும் வாயு வெளியேறுவதற்காக, எஞ்சினின் பக்கவாட்டில் பிரீத்தர் குழாய் ஒன்று கீழ்நோக்கி இறங்குகிறது. அந்த வாயுவில் நீராவி நிறைய உண்டு. வாசல் பாதையில் பனி தள்ளும் வேலைக்காகத் தினமும் சிறிது நேரமே ஓடும் எஞ்சின், அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும் அளவுக்குச் சூடேறுவதே இல்லை. மைனஸ் 20இல் விசிறிக் காற்று படும் அந்த இரும்புக் குழாய்க்குள் ஈரம் ஆயிலோடு குழைந்து, மோர் கடையும்போது திரளும் வெண்ணெயைப் போல மஞ்சள்வெள்ளைக் கூழாக ஒட்டி, குழாயின் வாயில் பனிக்கட்டியாக அடைத்துக்கொண்டது. வெளியேற வழியில்லாத வாயு, இருப்பதில் பலவீனமான வாசல்களான பின்பக்க சீலையும் டிப்ஸ்டிக்கையும் தேர்ந்தெடுத்து ஆயிலை வெளியே தள்ளியது. குறிப்பாக இந்த எஞ்சினின் பழைய பதிப்புகளில் பின்பக்க சீல் ரப்பர் உதடு கொண்டதல்ல, இரண்டு பாதிகளாக அமைந்த கயிறு வகை. உள்ளே அழுத்தம் ஏறினால் நல்ல நிலையில் உள்ள கயிறும் கசியும்.

குழாயைக் கழற்றி, வெந்நீரில் வைத்துக் கட்டியைக் கரைத்து, உள்ளே துணி விட்டுத் துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டிய பிறகு அந்த ஒழுக்கு நின்றது. தஞ்சைப் பக்கம் மேஸி வைத்திருக்கும் என் மாமாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. அங்கே பனியில்லை; சேற்றுழவு முடிந்து நிறுத்தி வைத்த வண்டியின் பிரீத்தர் குழாய்க்குள் குளவி கூடு கட்டினாலும், சேறு அடைத்தாலும் இதே கதைதான் என்றார். அடைப்பு திரும்பவும் வராமல் இருக்க, நீர்க்குழாய்களுக்குச் சுற்றும் நுரை உறையைப் பிரீத்தர் குழாய்க்குச் சுற்றியிருக்கிறேன். எஞ்சின் வேகமாகச் சூடேறுவதற்காக ரேடியேட்டரின் முன்னால் ஓர் அட்டையைச் செருகி, திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டிருந்த தெர்மோஸ்டாட்டையும் மாற்றியாயிற்று. நிரந்தரத் தீர்வு பனி தள்ளி முடித்த பிறகும் எஞ்சினைச் சுமையோடு இன்னும் கொஞ்சம் ஓட்டுவதுதான், டீசல் செலவானாலும்.

கூலன்ட் கசிவுக்கு இதற்கு நேர்மாறான கால அட்டவணை. அது குளிர்ந்திருக்கும்போது சொட்டும், சூடேறியதும் நின்றுவிடும். ஹோஸ் பைப்பின் ரப்பர் சுருங்கி விறைத்துப்போக, திருகு வகைக் கிளிப் அதோடு சேர்ந்து இறுகாமல் தளர்ந்து நிற்பதே பெரும்பாலும் காரணம். கிளிப்பை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இறுக்க வேண்டும். சூட்டில் இறுக்கினால் மறுநாள் காலையில் மறுபடியும் ஒழுகும். எஞ்சின் பிளாக்கைச் சூடேற்றும் மின் ஹீட்டர் மாட்டிய வண்டிகளில் அதன் ரப்பர் வளையமும் இதே குணம் கொண்டது. வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளையில் கசிவு தெரிந்தால் பம்ப்பின் சீல் முடிந்துவிட்டது என்று பொருள். அந்தத் துளையில் எம்-சீல் வைத்து அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், அவ்வளவுதான்.

இதில் ஒரு பொய்ச் சொட்டும் உண்டு. ரேடியேட்டர் ஜாலியிலும் பானெட்டின் அடியிலும் ஒட்டிய பனி, எஞ்சின் சூட்டில் உருகி, கூலன்ட் ஒழுகும் அதே இடத்தில் சொட்டும். பழைய கூலன்ட் நிறம் வெளுத்துப் போயிருந்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. அந்தச் சொட்டுகளை ஒரு பாட்டில் மூடியில் பிடித்து இரவு வெளியே வைத்தால் போதும். காலையில் கல்லாக உறைந்திருந்தால் அது பனி நீர். உறையாமலோ குழைந்தோ இருந்தால் எத்திலீன் கிளைகால் கலந்தது, அதாவது கூலன்ட். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். ஒழுகியதை ஈடுகட்ட வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் அந்தத் தாங்குதிறன் ஒவ்வொரு முறையும் குறையும். உறையும்போது நீரின் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுவதால் முதலில் எஞ்சின் பிளாக்கின் தகட்டு அடைப்பான்கள் பிதுங்கலாம், பிளாக்கே வெடிக்கவும் கூடும். மூடியில் வைத்த கூலன்ட்டை நாய் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இனிப்பாக இருப்பதால் அவை நக்கும். அது கொடிய விஷம்.

டீசல் கசிவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பல வருட அழுக்கு படிந்த வார்ப்பிரும்பில் ஒரு கோடு மட்டும் கழுவி விட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் அது டீசல் வழிந்த தடம். டேங்க் எஞ்சினுக்கு மேலேயே இருப்பதால், இரவில் அதன் அடியிலுள்ள குழாயை மூடிவிட்டு மறுநாள் பார்த்தால் கசிவு குழாய்க்கு மேலா கீழா என்று தெரிந்துவிடும். சி.ஏ.வி. டீசல் பம்ப்பின் ஆக்சிலரேட்டர் தண்டில் உள்ள ரப்பர் வளையமும், நாசில்களின் திரும்பு குழாயில் உள்ள செம்பு வாஷர்களும் வழக்கமான குற்றவாளிகள். கனடாவில் விவசாய எஞ்சின்களுக்கான டீசலிலும் கந்தகத்தின் அளவு 2010இல் 15 பி.பி.எம். (பத்து லட்சத்துக்கு 15 பங்கு) ஆகக் குறைக்கப்பட்டது. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர் வளையங்கள் புதிய டீசலில் சுருங்குவதால், வெகுகாலம் ஒழுகாத பம்ப்புகளும் ஒழுகத் தொடங்குவதுண்டு. நாசில் குழாய்களில் ஓடும்போது விரலை வைத்துத் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கலாம்.

வெளியே ஒரு சொட்டுகூட விழாத டீசல் கசிவும் உண்டு. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்பின் டயாபிரம் (சவ்வு) கிழிந்தாலோ, டீசல் பம்ப்பின் தண்டு சீல் போனாலோ, டீசல் நேராகச் சம்ப்புக்குள் இறங்கும். இதைக் கண்டுபிடிக்கக் குளிர்காலத்தைவிட நல்ல பருவம் இல்லை. மைனஸ் 15இல் 15டபிள்யூ-40 வகை எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கில் தடித்து ஒட்டி, நுனிக்கு நகர்ந்து வருவதற்கே நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தக் குளிரிலும் டிப்ஸ்டிக்கிலிருந்து ஆயில் தண்ணீராக ஓடினால், அதன் மட்டமும் ஊற்றாமலே உயர்ந்திருந்தால், எஞ்சினை அதற்கு மேல் ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

ஹைட்ராலிக் ஆயில் பால் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. பெரும்பாலும் கிழிந்துபோன கியர் லிவர் உறை வழியாக வரும் மழைநீரும், சூடேறிக் குளிரும்போது உள்ளே வியர்க்கும் ஈரமும்தான். தண்ணீர் அடியில் தங்கி உறையும். ஹைட்ராலிக் பம்ப் அந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருப்பது. அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றியும் எதுவும் வரவில்லையென்றால் அங்கே பனிக்கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது உருகும் வரை அந்தப் பம்ப்பைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டை இயக்காமல் இருப்பது நல்லது. தூக்கு கைகள் தானாக இறங்குவதற்கும் வெளிக் கசிவுக்கும் தொடர்பில்லை. அந்த ஆயில் உள்ளேயே தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது.

அளவில் சிறியதாயினும் ஒத்திப்போடக் கூடாத கசிவு ஒன்றுதான்: பின்அச்சின் சீல். அது பிரேக் டிரம்முக்குள் கசியும். பின்சக்கரத்தின் உட்பக்கத்தில் ஆயில் கோடுகள் தெரிந்தாலோ, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, அன்றே நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்து டிரம்மைக் கழற்ற வேண்டும். பனிக்கட்டிச் சரிவில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பிரேக்கை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

பிரீத்தரைச் சரிசெய்த பிறகும் எங்கள் வண்டியின் ஸ்பிளிட் பின்னில் ஒரு சொட்டு மிச்சமிருக்கிறது. அது புற ஊதா விளக்கில் மின்னுவதால் கியர் பெட்டியின் முன் சீலிலிருந்து வருவது உறுதி. கிளட்ச் நழுவாத வரையில் மே மாதம் வரை அது காத்திருக்கலாம். அதுவரை பின்னுக்கு அடியில் ஒரு தகரத் தட்டும், முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துவதும் போதும். சுமையை இழுக்கும்போது எஞ்சின் சத்தம் கூடியும் வண்டி நகரத் தயங்கினால், குளிராவது ஒன்றாவது, பிரித்துவிட வேண்டியதுதான்.